மரத்தில் ஏறிய வெள்ளி

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகக் கடலைக் கடந்தால் வேலணைத்தீவை அடையலாம். நாற்புறமும் உப்பு நீர்; நடுவே பனங்கூடல்களும் வயல்களும் ஊர்களும். இங்குள்ள கோயில்களில் மகோற்சவம் தொடங்கியதும், ஆண்டு முழுவதும் வாகனசாலையின் இருளில் நின்ற மயிலும் எலியும் சிங்கமும் காமதேனுவும் ஒவ்வோர் இரவாக வீதிக்கு எழுந்தருளுகின்றன. அவை மரத்தாலானவை என்பதைச் சுமப்பவர் தோள் அறியும். எதிரே நின்று வணங்குவோரின் கண் அறியாது. தீவட்டியின் சுடர் அசையுந்தோறும் வாகனத்தின் கழுத்திலும் மார்பிலும் ஒளியும் ஓடி அசையும். மரம் அவ்விரவு உலோகமாகிவிடுகிறது.

மரத்தை உலோகமாகக் காட்டும் இவ்வித்தை மிகப் பழையது. இன்று பொம்மைகளுக்கும் மாதிரி ஊர்திகளுக்கும் கைவினைப் பொருள்களுக்கும் பூசப்படும் குரோமியப் பூச்சு இதன் கடைசிப் பேரப்பிள்ளை எனலாம். பாட்டனைத் துன்புறுத்திய சிக்கலே பேரனையும் துன்புறுத்துகிறது. உலோகப் பளபளப்பை ஒரு பொருளின்மேல் ஏற்றுவது அரிதன்று. ஏற்றிய பளபளப்பைக் காப்பதே அரிது. ஏனெனில் காப்பதற்கென மேலே எதைப் பூசினாலும் அதுவே பளபளப்பைக் குறைத்துவிடுகிறது.

இதன் காரணத்தை அறியக் குளத்து நீரைப் பார்த்தாற் போதும். காற்றில்லாத வேளையில் குளம் வானத்தையும் மரங்களையும் அப்படியே காட்டும். சிற்றலை எழுந்தவுடன் உருவம் சிதறி வெறும் வெண்மை தோன்றும். நீர் அதே நீர்தான். மேற்பரப்பின் சமநிலை மட்டுமே கெட்டது. உலோகமும் அப்படியே. அதன் மேற்பரப்பு ஒழுங்காக இருக்குமளவும் கண்ணாடி. ஒழுங்கு சிறிது கெட்டால் வெறும் சாம்பல் நிறம். ஆகவே பண்டைக் கைவினைஞன் முதலில் மரத்தை மூடினான். சுண்ணத்தூளையும் பசையையும் குழைத்துப் பல முறை பூசி, காயவைத்து, தேய்த்து, மரத்தின் நாரும் துளையும் தெரியாத ஒரு தளத்தை உண்டாக்கினான். அதன்மேலேதான் ரேக்கு ஒட்டப்பட்டது. தஞ்சாவூர் ஓவியங்களில் பொற்பகுதிகள் புடைத்து நிற்பதும் இத்தகைய சுண்ணத் தளத்தின் மேலேயே.

பொன் ரேக்குக்குக் காப்புப் பூச்சு வேண்டியதில்லை. காற்றும் உப்பும் பொன்னை ஒன்றும் செய்யா. அதன் மென்மை வியக்கத்தக்கது. ஒரு கிராம் பொன்னை அடித்துத் தட்டினால் ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர் பரப்பை மூடலாம். ஆயினும் பொன் பொன்னே. ஊர்க் கோயில்கள் யாவற்றுக்கும் அது எட்டாது. வெள்ளி அதனினும் மலிவு. ஆனால் வெள்ளி கறுக்கும். உப்பே வெள்ளியைக் கறுப்பாக்குகிறது எனப் பலர் எண்ணுவர். கடற்காற்றுக்கும் அதில் பங்குண்டு, எனினும் முதற்பகை கந்தகம். கடனீரேரிக் கரையில் நீர் வற்றிய சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுவதைத் தீவக மக்கள் அறிவர். அந்த நாற்றமே கந்தகம் கலந்த வாயுவின் நாற்றம். வேலணை போன்ற ஊரில் காப்பில்லாத வெள்ளி நெடுநாள் வெள்ளையாக இராது.

இங்கேதான் எளிய மக்களின் உலோகமாகிய வெள்ளீயம் வரலாற்றுள் நுழைகிறது. கர்நாடகத்தில் கொப்பள் நகருக்கு அருகில் கின்னாள் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள சித்திரகாரர் என்னும் குடியினர் மரத்தால் தெய்வ உருவங்களும் வாகனங்களும் பொம்மைகளும் செய்பவர். விசயநகர காலத்தில் அம்பி விரூபாட்சர் கோயிலின் ஓவியங்களையும் தேரையும் செய்தோர் தம் முன்னோர் என அவர்கள் கூறுவர். அவர்கள் வெள்ளீயத்தைப் பொடியாக்கிப் பசையுடன் கலந்து மரத்தின்மேல் பூசுவர். பூசியவுடன் அது ஒளி விடாது. மங்கிய சேறு போலவே தோன்றும். காய்ந்தபின் பட்டை தீட்டிய மணி ஒன்றால் அதனை மீண்டும் மீண்டும் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்கத் துகள்கள் நசுங்கி ஒன்றோடொன்று படிந்து, வெள்ளி போலச் சுடர் விடும். பின்னர் அதன்மேல் வேறு வண்ணங்களைத் தீட்டுகையில், அணிகலன் வேண்டிய இடங்களை மட்டும் தீட்டாது விட்டுவிடுவர். அடியிலுள்ள வெள்ளொளியே அணியாகிவிடும். மேலே வைத்த நகையன்று அது. உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் நகை.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. வெள்ளீயத்தின்மேல் மஞ்சள் சாயல் உள்ள மெருகெண்ணெயைப் பூசினால் அது பொன்போலத் தோன்றும். 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதிய தியோபிலஸ் என்னும் துறவியும், பொன் இல்லாதபோது வெள்ளீயத் தகட்டுக்கு மஞ்சள் நிறமேற்றும் முறையைக் கூறியிருக்கிறார். காப்புப் பூச்சு ஒளியை மங்கச் செய்யும் என்பது தொல்லை. அக்கைவினைஞர் அத்தொல்லையையே வேலைக்கு அமர்த்திவிட்டனர். பூச்சு வெள்ளியின் வெண்மையைக் கெடுத்தாலென்ன? கெட்ட வெண்மை பொன்னாகிறது! காப்பும் கிடைத்தது, நிறமும் கிடைத்தது. குரோமியப் பூச்சோடு மல்லாடும் இன்றைய தொழில்நுட்பத்தில் இதற்கு நிகரான சாமர்த்தியம் அரிது.

வெள்ளீயத்துக்குக் குளிர்நாட்டில் ஒரு நோய் உண்டு. 13 பாகைக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் அது சாம்பல்நிறப் பொடியாக உதிரக்கூடும். குளிர்மிக்க ஐரோப்பியத் தேவாலயங்களின் இசைக்கருவிக் குழாய்கள் அவ்வாறு கெட்டதுண்டு. வேலணையின் வெயிலில் அந்த அச்சம் இல்லை.

ஐரோப்பாவில் இதே தந்திரம் தோலின்மேல் ஏறியது. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் செல்வர் வீட்டுச் சுவர்களை அணிசெய்த பொற்றோல்களில் பெரும்பாலும் பொன் இல்லை. தோலின்மேல் வெள்ளி ரேக்கு, அதன்மேல் மஞ்சள் மெருகெண்ணெய். அதே நூற்றாண்டில், 1658இல், அந்த ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களை இட்டனர். வேலணைத்தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் லைடன். பித்தளையை அடித்துச் செய்த போலிப்பொன் ரேக்குக்கு ஆங்கிலேயர் வழக்கில் ‘ஒல்லாந்த உலோகம்’ என்றே பெயர். ஊர்ப்பெயர் வரைபடங்களில் மட்டும் தங்கியது. போலிப்பொன் உலகெங்கும் சென்றது.

அப்பித்தளை, ரேக்கு நிலையிலிருந்து தூள் நிலைக்கு இறங்கிய கதை சுவையானது. 1840ஆம் ஆண்டளவில் என்றி பெசமர் என்னும் ஆங்கிலேயர், தம் சகோதரி வரைந்த மலர் ஓவியங்களின் உறைமேல் பொன்னெழுத்துப் பொறிக்க விரும்பிப் பொன்தூள் வாங்கச் சென்றார். ஓர் அவுன்சின் விலை ஏழு சிலிங். மூலப்பொருளோ வெறும் பித்தளை! செர்மனியின் நூரம்பேர்க்கு நகரில் கையால் அடித்துச் செய்வதாலேயே இவ்விலை என்பதை உணர்ந்த அவர், அதனைச் செய்யும் இயந்திரங்களை அமைத்தார். இயந்திரத்தின் பகுதிகளை வெவ்வேறு பட்டறைகளில் செய்வித்து, மனைவியின் சகோதரர்களையே வேலைக்கு வைத்து, பல பதிற்றாண்டு காலம் இரகசியத்தைக் காத்தார். பின்னர் 1856இல் அவர் வெளியிட்ட உருக்கு முறை உலகை மாற்றியது. அம்முயற்சிக்கு முதல் தந்தது இந்தப் பொன்தூள் வாணிகமே. பொன்தூள் மலிந்தது. தூரிகை பிடிக்கத் தெரிந்த எவரும் மணிநேரத்தில் ஒரு சிலையைப் பொன்னாக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் பித்தளைத் தூள் உப்புக்காற்றில் பழுப்பும் பச்சையும் பூக்கும். சில ஆண்டுகளில் பொன் மயில் செப்புக்குடம் போலாகிவிடும். உடனே மீண்டும் ஒரு பூச்சு, அதன்மேல் இன்னுமொன்று.

1886இல் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழி கண்டபின் வெள்ளிப் பூச்சும் அவ்வாறே எளிதாயிற்று. அலுமினியத்தைச் செதில்களாக நசுக்கி, கொழுப்பமிலம் தடவி எண்ணெயிற் கலந்தால், செதில்கள் மேலே மிதந்து வந்து ஓடு வேய்ந்தாற்போற் படுக்கும். வெள்ளொளி உண்டாகும். ஆனால் விரலால் தொட்டால் விரலிலும் ஒட்டும்! நாடக மேடையில் மரவாளை ஏந்தி நின்ற அரசர்களின் உள்ளங்கை இதனை நன்கு அறிந்திருக்கும்.

ஈழத்துக் கூத்துகளில் அரச வேடத்துக்குரிய மரக்கிரீடத்தை இவ்விடத்தில் நினைத்தல் பொருந்தும். வெள்ளித்தாளும் மணிகளும் ஒட்டிய அக்கிரீடத்தில் சிறு கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்படும். கண்ணாடியில் உலோகம் பின்புறம் இருக்கிறது. காப்பு முன்புறம் இருக்கிறது. காப்பு வழவழப்பாகவும் கடினமாகவும் நிறமின்றியும் இருப்பதால் ஒளி கெடுவதில்லை. வெள்ளித்தாள் கிழிந்தாலும் கண்ணாடி மின்னும். பளபளப்பைக் கெடுக்காமற் காக்கும் உறை எது என்ற கேள்விக்குக் கூத்துக் கலைஞரின் தலையிலேயே விடை இருந்தது.

இனிக் குரோமியம். பிரெஞ்சு வேதியியலறிஞர் வோக்கலின் 1797இல் இதனைக் கண்டறிந்தார். இதன் சேர்மங்கள் பலநிறம் காட்டுவதால் கிரேக்க மொழியில் ‘நிறம்’ எனப் பொருள்படும் சொல்லால் பெயரிட்டனர். முதலில் அது ஓவியர்க்கு மஞ்சளைத் தந்தது. 1920களிலேயே மோட்டார் வண்டிகளின் முகப்பில் மின்முலாமாக ஏறி வெள்ளொளி தந்தது. குரோமியத்தின் சிறப்பு யாதெனில், காற்றுப் பட்டவுடன் அது தன்மேல் தானே ஒரு காப்பைப் போர்த்திக்கொள்கிறது. அப்போர்வை கண்ணுக்குத் தெரியாத அளவு மென்மையானது. மேலே எதுவும் பூச வேண்டியதில்லை. ஆனால் மின்முலாம் பூச மின்சாரம் பாயும் பொருள் வேண்டும். மரமும் களிமண்ணும் நெகிழியும் நேரடியாக அதற்கு உதவா. ஆகவே குரோமியத்தின் தோற்றத்தை மட்டும் தரும் பூச்சுகள் பிறந்தன. அவற்றுட் பலவற்றில் குரோமியமே இல்லை. மிக நுண்ணிய அலுமினியச் செதில்களே உள்ளன.

அவற்றைப் பூசும் முறை பழைய சுண்ணத் தளத்தையே நினைவூட்டுகிறது. பொருளை நுண்ணுப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு வண்ணத்தை முதலிற் பூசி, அது முற்றும் இறுகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தக் கறுப்பில் முகம் தெரியாவிட்டால் மேலே பூசும் வெள்ளியிலும் தெரியாது. பின்னர்ப் பனிபோல மெல்லிய படலமாகத் தெளிக்க வேண்டும். தடித்துப் பூசினால் செதில்கள் குவிந்து சாம்பல் நிறமாகும். காய்வதற்குள் தொட்டால் விரல் ரேகை என்றும் அழியாது பதியும். காப்புக்கென மேலே காரமான கரைப்பானுள்ள மெருகெண்ணெயைப் பூசினாலோ, ஒழுங்காகப் படுத்திருந்த செதில்கள் கலைந்து எழுகின்றன. குளத்தில் சிற்றலை எழுந்த கதைதான். நீரிற் கரையும் காப்பு வகைகளை மெல்லிதாகப் பலமுறை தெளித்தால் இழப்புக் குறையும், முற்றாக நீங்காது. கை படாத இடத்தில் வைக்கும் பொருளுக்குக் காப்பே பூசாமல் விடுவது சிறந்தது. கை படும் பொருளுக்குச் சிறிது ஒளியை விலையாகக் கொடுக்க வேண்டும்.

வாகனமோ கை படும் பொருள். இளைஞர் பலர் தோளில் ஏற்றி ஆடி வருவர். வியர்வையும் எண்ணெயும் கற்பூரப் புகையும் படியும். பூவும் நீரும் விழும். திருவிழா முடிந்தபின் அன்பின் மிகுதியால் திருநீறு கொண்டு துலக்குவோரும் உளர். வெள்ளி விளக்குக்கு அது தகும். ரேக்கு ஒட்டிய மரத்துக்குத் தகாது. ஒவ்வொரு துலக்கலிலும் சிறிது ரேக்கு துணியோடு போய்விடும். மென்மையான உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் தட்டி, வெள்ளைச் சீலையால் மூடி, நிலத்தின் ஈரம் ஏறாதபடி பீடத்தில் உயர்த்தி வைப்பதே அதற்குரிய பேணல்.

அப்பேணலுக்கு ஆள் வேண்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது வேலணை மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு நீங்கினர். பின்னர்ச் சிறிது சிறிதாகச் சிலர் மீண்டனர். பலர் கொழும்பிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் தங்கிவிட்டனர். ஆளில்லாத மண்டபத்தில் மரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். மேலிருக்கும் சுண்ணத் தளமோ அசையமாட்டாது. ஆகவே அது வெடித்து, ரேக்கோடு செதிலாக எழும்பும். கறையானும் வௌவாலும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும்.

மீண்டோரும் வெளிநாட்டிலிருந்து பொருள் அனுப்புவோரும் கோயிலைப் புதுக்கிக் கும்பாபிடேகம் செய்ய விரும்புவது இயல்பே. வாகனமும் அப்போது புதுப்பிக்கப்படும். மரம் உளுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையது என்ற ஒரே காரணத்தால் எதையும் தொடக்கூடாது என்பது வழிபாட்டில் உள்ள பொருளுக்குப் பொருந்தாத வாதம். ஆனால் தேய்ப்பு இயந்திரத்தால் மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு, ஒரே நாளில் தெளிப்பானால் பொன்னையும் வெள்ளியையும் அடித்து முடிப்பது வேறு. சுரண்டிய தூளோடு, முதலில் அதனைச் செய்த ஆசாரி எந்தத் தளம் இட்டார், ரேக்கு ஒட்டினாரா தூள் பூசினாரா, அணிகலனை எங்கே விட்டுவைத்தார் என்பதற்கான சான்றும் குப்பைக்குப் போய்விடுகிறது. அதனை எழுதிவைத்த ஏடு வேறெங்கும் இராது.

நூதனசாலைகளில் பழம்பொருள்களைப் பேணுவோர் இதற்கு எளிய வழியொன்றைக் கையாளுகின்றனர். கண்ணிற் படாத ஓரிடத்தில், வாகனமாயின் பீடத்தின் உட்புறத்திலோ இறகின் கீழோ, நெல்மணி அளவான சிறு சாளரம் ஒன்றைக் கூரிய கத்தியால் படலம் படலமாகத் திறப்பர். மேலே நேற்றைய எனாமல், அதன்கீழ்ப் பழுப்பேறிய பித்தளைத் தூள், அதன்கீழ் ஒரு செந்நிறம், அதற்கும் அடியில் வெண்சுண்ணம் எனத் தலைமுறைகள் வரிசையாகத் தெரியும். அவற்றினிடையே மங்காத வெண்புள்ளி ஒன்று மின்னுமாயின், புதுத் தெளிப்பானைத் திறக்குமுன் அன்று மாலை கோயில் வீதியில் நாலு முதியவர்களை அழைத்துக் காட்டலாம்.