மாமல்லபுரத்துக்கு ஓர் இரவுப் படகு

விடுமுறை நாளில் சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வரும் ஊர் மாமல்லபுரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் கடற்கரைக் கோயில் வாசல். போகும் வழியில் கண்ணில் படுவது சுங்கச்சாவடியும் பிரியாணிக் கடைகளும்தான். நூறாண்டுக்கு முன் இதே ஊர் ஓர் இரவுத் தொலைவில் இருந்தது. ரயிலில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வண்டி பிடிக்கலாம். இல்லையென்றால் அடையாறு பக்கம் பக்கிங்காம் கால்வாயில் படகு ஏறலாம். வெயில் தாழ்ந்தபின் பாயும் தலையணையும் சாப்பாட்டுக் கூடையுமாக ஏறிப் படுத்தால், விடியும்போது மாமல்லபுரம். அந்தக் காலத்துப் பயணிகள் பலர் விரும்பியது இந்த இரண்டாவது வழியைத்தான்.

கால்வாயைத் தொடங்கி வைத்தது அரசாங்கம் அல்ல. கடற்படைக்குச் சரக்கு கொடுத்துப் பணம் சேர்த்த பேசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர், சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி 1806 வாக்கில் முடித்த துண்டுதான் முதல். அரசு 1837இல் கால்வாயை ஏற்றுக்கொண்டது. பழவேற்காடு, கிருஷ்ணப்பட்டினம் என வடக்கே நீண்டது; தெற்கே சதுரங்கப்பட்டினம் தாண்டி மரக்காணம் வரை போனது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை மொத்தம் சுமார் 420 கி.மீ.

ஆனால் நகரத்துக்குள் ஓர் இடைவெளி இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கி.மீ. வெட்டப்படாமலே கிடந்தது. அதை இணைத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் நிவாரண வேலையென்று மண் சுமந்தார்கள். 1877 தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தில் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்து எப்படி நிற்பது? எதிர்ப்பு கிளம்பியபின் கூலி சற்று உயர்ந்தது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபு. வெட்டியவர்கள் யாருடைய பெயரும் தங்கவில்லை. கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது.

கால்வாய் கடலுக்கு இணையாக உப்பங்கழிகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் கோத்துக்கொண்டு போனது. ஓதம் ஏறி இறங்குவதற்கேற்ப அதன் நீர்மட்டமும் மாறும். காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாதபோது ஆட்கள் இறங்கிக் கரையோடு நடந்து கயிற்றால் இழுப்பார்கள். படகுகளின் முதல் வேலை சரக்குதான். உப்பு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல், மீன் எல்லாம் வந்தன. இன்று ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டு விறகு எரிந்துதான் பல சென்னை வீடுகளில் சோறு வெந்தது. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள பேசின், இந்தப் படகுகள் வந்து நின்ற நீர்த்துறை.

1934இல் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி முதலிய நண்பர்களோடு இந்த வழியாகவே மாமல்லபுரம் போனார். அந்தப் பயணம் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையானது. காரில் போயிருந்தால் எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்.

ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1965, 1966 புயல்களில் கரைகள் உடைந்து மணல் மேடிட்டபின் படகுகள் அருகின. நகரத்துக்குள் கழிவுநீர் கலந்தது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களும் கால்வாயிலேயே இறங்கின. சேப்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே ஜன்னலோரம் உட்காருபவர்கள் கீழே பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். 2004 சுனாமியின்போது பல இடங்களில் ஏறி வந்த கடல்நீரை வாங்கி வைத்துக்கொண்டது இந்தக் கால்வாய்தான். 2008இல் இது தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

நகரத்தைத் தாண்டிவிட்டால் கால்வாய் வேறு முகம் காட்டுகிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் குறுக்குச் சாலையில் வண்டியை ஓரம் கட்டினால் உப்பளங்களும் உப்பங்கழியும் தெரியும். பனிக்காலக் காலைகளில் பூநாரைகளும் தென்படுவதுண்டு. முட்டுக்காட்டில் சுற்றுலாத் துறையின் படகுத் துறை இருக்கிறது. பழைய படகுகள் கடந்துபோன அதே கழியில்தான் இன்றைய சவாரி நடக்கிறது. விசைப்படகை விடத் துடுப்புப் படகே மேல், சத்தமில்லாமல் போகலாம். மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்த்து முடித்தவர்கள் திருக்கழுக்குன்றம் சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் நடக்கலாம். பாலத்தின் கீழே ஓடுவது அதே கால்வாய். பெரும்பாலான கார்கள் அங்கே வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.