நான்கு வண்ணங்கள் போதுமா?

ஒரு தாளை எடுத்து, மனம்போனபடி ஒரு தேசப்படம் வரையுங்கள். நாடுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் துண்டுபடாத ஒரே நிலப்பரப்பாக இருக்க வேண்டும். பொது எல்லைக்கோடு உடைய இரு நாடுகளுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது. ஒரு புள்ளியில் மட்டும் தொடும் நாடுகளுக்கு வரலாம். எத்தனை வண்ணங்கள் தேவை? நடுவில் ஒரு வட்டமும், அதைச் சுற்றிய வளையத்தில் மூன்று நாடுகளும் வரைந்தால், மூன்று வண்ணங்கள் போதா என்பது விளங்கும். அப்படியானால், ஐந்து வண்ணம் கேட்கும் படம் உண்டா?

1852-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மாவட்டப் படத்துக்கு வண்ணம் தீட்டிய பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞருக்கு இதே ஐயம் எழுந்தது. அவருடைய தம்பி பிரடெரிக், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தம் ஆசிரியரான டி மார்கனிடம் கேட்டார். அந்தக் கணித மேதைக்கும் விடை தெரியவில்லை!

1879-இல் ஆல்பிரட் கெம்ப் என்ற வழக்கறிஞர் ஒரு நிரூபணம் வெளியிட்டார். எந்தப் படத்திலும் ஐந்து அல்லது அதற்கும் குறைந்த அண்டை நாடுகளையுடைய நாடு ஒன்றாவது இருந்தே தீரும். அதை நீக்குங்கள். எஞ்சிய படத்திலும் அப்படியே செய்யுங்கள். இறுதியில் மிகச் சிறிய படம் மிஞ்சும். அதற்கு வண்ணம் தீட்டிவிட்டு, நீக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். அண்டை நாடுகள் மூன்றே என்றால் நான்காம் வண்ணம் மிச்சமிருக்கும். நான்கோ ஐந்தோ ஆனால், சுற்றிலும் இரண்டிரண்டு வண்ணங்களை இடம் மாற்றி ஒன்றை விடுவிக்கலாம் என்றார் கெம்ப். அறிஞர்கள் ஏற்றுக்கொண்டனர்.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1890-இல், பெர்சி ஹீவுட் ஒரு படம் வரைந்து காட்டினார். ஐந்து அண்டை நாடுகள் வரும்போது கெம்ப் இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்கிறார். ஒன்று மற்றதைக் கெடுத்துவிடுகிறது! கெம்ப் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய முறையைக் கொண்டே, ஐந்து வண்ணங்கள் நிச்சயம் போதும் என்று ஹீவுட் நிறுவினார். நான்கு போதுமா என்பது மட்டும் புதிராகவே நின்றது.

1976-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஆப்பெலும் வுல்ஃப்காங் ஹாக்கனும் கெம்பின் வழியையே விரித்தனர். தனி நாட்டுக்குப் பதிலாக நாடுகளின் கூட்டங்களை எடுத்துக்கொண்டனர். எந்தப் படத்திலும் ஏதேனும் ஒன்று இடம்பெற்றே தீரும்படி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்களைப் பட்டியலிட்டனர். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கக் கணிப்பொறிக்கு ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. நான்கு வண்ணங்கள் போதும்!

ஆனால் வேறொரு கேள்வி பிறந்தது. மனிதர் படித்துச் சரிபார்க்க இயலாத நிரூபணம், நிரூபணம் ஆகுமா? கெம்பின் தவறே பதினோர் ஆண்டுகள் மறைந்திருந்ததல்லவா? 1997-இல் வேறு நால்வர் பட்டியலை 633 ஆகச் சுருக்கினர். 2005-இல் ஜார்ஜ் கோந்தியே, நிரூபணத்தின் ஒவ்வொரு தர்க்கப் படியையும் கணிப்பொறியே சரிபார்க்கும்படி எழுதி முடித்தார். ஐயம் பெருமளவு அகன்றது.

இப்போது உங்கள் படத்துக்கு வண்ணம் தீட்டுங்கள். ஐந்தாம் வண்ணம் இல்லாமல் முடியாது என்று தோன்றினால், முன்பு தீட்டியதை மாற்றிப் பாருங்கள். வழி கட்டாயம் உண்டு.