பீரங்கிக்கண்ணின் கதவு

பீரங்கி என்னும் சொல்லும் பறங்கி என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஐரோப்பியரைக் குறிக்க அரபியர் வழங்கிய ‘இஃப்ரன்ஜ்’ பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ ஆயிற்று. தமிழில் அது ஒருபுறம் ஆளையும் மறுபுறம் அவன் கப்பலில் பூட்டிவந்த வெடிகருவியையும் சுட்டும் இரு சொற்களாக நிலைத்துவிட்டது. கருவியின் பெயரிலேயே இத்தனை வரலாறு தங்கியிருக்கும்போது, அதன் வாயை வெளியே நீட்டுவதற்காகக் கப்பலின் விலாவில் வெட்டப்பட்ட சதுரத் திறப்புக்கும் ஒரு வரலாறு இருக்கத்தானே செய்யும்? அத்திறப்பைப் பீரங்கிக்கண் என்றும், அதை அடைக்கும் பலகையைக் கதவு என்றும் இங்கு வழங்குவோம்.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளுக்கும் தூண்களுக்கும் இடையே மரத்தாலான மாதிரிப் பாய்க்கப்பல்களையும் காணலாம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருபுறமும் இரண்டு வரிசைக் கதவுகள் திறந்து நிற்கும். அண்மையில் மாணவர் கண்காட்சி ஒன்றில் இத்தகைய கப்பலொன்று ‘மரக்காயர் கப்பல்’ என்ற பெயர்ப்பலகையுடன் வைக்கப்பட்டிருந்தது. இதுபோன்ற பெயர்ப்பலகைகளே இக்கட்டுரைக்குக் காரணம். கதவைச் சரியாகச் செய்வது எப்படி என்பதோடு, கதவே இருக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பீரங்கிக்கண்ணின் கதவு வெளியிலிருந்து ஒட்டவைத்த வில்லை அன்று. கப்பலின் விலாவிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டு போன்றது. ஆகவே, மூடிய நிலையில் விலாப்பலகைகளின் கோடுகள் கதவின்மீதும் இடைமுறியாமல் ஓட வேண்டும். விலாவில் ஓடும் தடித்த வலுப்பட்டை அவ்விடத்தைக் கடந்து செல்லுமானால் கதவிலும் அத்தடிப்பு தெரிய வேண்டும். வெளிப்பலகைகள் திறப்பின் விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடுவதால் சுற்றிலும் ஒரு காடி அமையும். கதவு அக்காடியில் போய் உட்காரும். நம் ஆசாரிமார் நிலைக்கதவுக்கு எடுக்கும் காடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எடுத்துச் சொன்னாலே போதும்.

கீல் பொதுவாக மேல்விளிம்பில். கயிற்றைத் தளர்த்தினால் கதவு தன் எடையாலேயே விழுந்து மூடிக்கொள்ளும். மோதும் அலையும் அதை உள்நோக்கி அழுத்தி இறுக்கவே செய்யும். பக்கவாட்டில் கீல் வைத்த மாதிரிகளைக் கண்டதுண்டு. அவை சன்னல்கள், பீரங்கிக்கண்கள் அல்ல. அளவில் செய்யப்படும் பிழை இன்னும் பரவலானது. மூன்றடி அகலத் திறப்பு, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு மாதிரியில் இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே வரும். நான்கு அங்குலத் தடிப்புள்ள கதவு அதில் இரண்டு மி.மீ. மட்டுமே. கடைகளில் காண்பவை பெரும்பாலும் இதைப்போல் இருமடங்கு தடித்தவை.

வரிசை அமைப்பில்தான் தேர்ந்த கையும் தடுமாறுகிறது. பீரங்கி தளத்தின்மீது நிற்பதால், திறப்புகளின் வரிசை தளத்தின் வளைவைப் பின்பற்றும். வெளியே ஓடும் வலுப்பட்டையின் வளைவை அன்று. இரு வளைவுகளும் ஒன்றல்லவாதலால் திறப்புகள் ஆங்காங்கே அப்பட்டையை வெட்டிச் செல்லும். மேல் கீழ் விளிம்புகள் தளத்தோடு சாய்ந்தாலும் பக்க விளிம்புகள் செங்குத்தாகவே நிற்கும். மேல்வரிசைக் கண் கீழ்வரிசைக் கண்ணுக்கு நேர்மேலே வராமல் இடைவெளிக்கு மேலாக அமைவது வழக்கம்; இல்லாவிடில் விலா வலுவிழக்கும். கூரையற்ற மேல்தளத்தின் திறப்புகளுக்குப் பெரும்பாலும் கதவே கிடையாது.

இத்தனை கவனம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மூழ்கிய கப்பல்களே சான்று. பீரங்கிக்கண்ணை 1501ஆம் ஆண்டளவில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துத் தச்சர் தெஷார்ஜ் என்பவர் புனைந்தார் என்பது மரபுவழிச் செய்தி. கனத்த பீரங்கிகளைத் தாழ்ந்த தளத்தில் வைத்தால்தான் கப்பல் கவிழாது. ஆனால் தாழ்ந்த தளத்தில் வெட்டிய திறப்பு கடல்நீருக்கு அருகில் வந்துவிடும். 1545இல் இங்கிலாந்தின் மேரி ரோஸ் சாய்ந்தபோது நீர் இத்திறப்புகளின் வழியே புகுந்தது. 1628 ஆகஸ்ட் 10 அன்று சுவீடனின் வாசா, முதற்பயணத்திலேயே, மரியாதை வேட்டுக்காகத் திறந்திருந்த கண்களோடு காற்றில் சாய்ந்து, 1,300 மீட்டர் தொலைவுகூடச் செல்லாமல் மூழ்கியது. 1961இல் மீட்கப்பட்ட அக்கப்பலை ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கதவுகளின் உட்புறத்தில் சிங்கமுகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கதவு மேலே உயர்ந்தால்தான் சிங்கம் பகைவனுக்குத் தென்படும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மரக்காயர் என்ற பெயரை மரக்கலத்தோடு இணைப்போர் உண்டு. கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. எப்படியாயினும் கலமே அப்பெயரின் உயிர். அக்கலங்கள் எவ்வாறு கட்டப்பட்டன? இந்தியாவிலும் யமனிலும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே கப்பல் கட்டினர் என்று பதினான்காம் நூற்றாண்டில் மஃபர் கரைக்கு வந்த இப்னு பதூதா குறித்துள்ளார். ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் நெகிழ்ந்து தப்பும் என்பது அவர் தரும் காரணம். நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறித்துத் திருக்குர்ஆனின் அல்கமர் அத்தியாயத்தில் வரும் ‘துஸுர்’ என்ற சொல்லுக்கு ஆணிகள் என்றே பெரும்பாலான விரிவுரையாளர் பொருள் கொள்வர். ஆயினும், பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதியாளர் பதிவு செய்திருப்பது கப்பல் வரலாற்றாசிரியருக்கு ஒரு கொடை. தைத்த விலாவில் வரிசையாகத் திறப்பு வெட்டினால் தையல் அறும். பீரங்கியின் உதைப்பையும் அது தாங்காது.

போர்த்துக்கீசியர் வந்தபின் நிலை மாறியது. 1502இல் வாஸ்கோட காமா ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பயணியர் கப்பலொன்றை எரித்தார். கடலில் செல்ல அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ‘கர்த்தாஸ்’ எனப்பட்ட அச்சீட்டின் பெயர், காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்லே என்பது வரலாற்றின் குறும்பு. சைனுத்தீன் மக்தூம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலை அரபியில் எழுதியதும் இக்கொடுமைகளைப் பதிவு செய்யத்தான்.

இதற்கு எதிர்நின்ற குஞ்ஞாலி மரக்காயர்களின் கலங்கள் எவை? ஆழமற்ற கழிமுகங்களில் புகுந்து வெளியேறவல்ல, துடுப்பால் விரையும் இலேசான படகுகள். துடுப்பாளர் அமரும் விலாவில் பீரங்கிக்கு இடமில்லை. இருந்த சில பீரங்கிகளும் முன்முனையில் நின்றன. 1538 பிப்ரவரியில், ஹிஜ்ரி 944இல், இராமநாதபுரக் கரையின் வேதாளையில் மரக்காயர் கடற்படை மார்த்திம் அபொன்சோ த சூசாவிடம் பெருந்தோல்வி கண்டது. இலங்கையின் சீதாவக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவச் சென்ற படை அது. பாம்பன் பகுதியின் ஆழமற்ற கடலில் போர்த்துக்கீசியரும் துடுப்புப் படகுகளையே பெரிதும் நம்பினர். ஆகவே வேதாளைப் போரை மாதிரியாகச் செய்பவர் எந்தப் பக்கத்துக்கும் இரண்டு வரிசைக் கதவு வைக்க முகாந்திரமில்லை.

இதனால் முஸ்லிம்களின் கப்பல்கள் எக்காலத்தும் படைக்கலமற்றவை என்று முடிவு கட்டுவதும் தவறு. 1695இல் ஹஜ் பருவம் முடிந்து சூரத்துக்குத் திரும்புகையில் கொள்ளையன் ஹென்றி எவரியிடம் சிக்கிய முகலாயரின் கஞ்சே சவாயி பீரங்கிகள் பூட்டிய பெருங்கப்பல். இந்தியக் கைவினைஞருக்குப் பீரங்கிக்கண் தெரியாது என்பதும் பொய். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ‘திரிங்கோமலி’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. காலமும் துறையும் அறிந்து செய்க என்பதே நாம் சொல்வது.

பொய்க் கண்களுக்கும் கடலில் இடமிருந்தது. வணிகக் கப்பல்கள் கொள்ளையரை அஞ்சவைக்கத் தம் விலாவில் வெள்ளைப் பட்டை தீட்டி, அதில் கறுப்புச் சதுரங்களை வரைந்துகொண்டன. 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணையை அடுத்த புலாவ் அவூரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கப்பல்கள் இத்தகைய கோலத்தோடு போர்க்கப்பல் வேடமிட்டு, பிரெஞ்சுத் தளபதி லினுவாவைப் பின்வாங்கச் செய்தன. ஆதலால், கடைகளில் மலிவாகக் கிடைக்கும், கதவுக்குப் பதில் கறுப்புச் சதுரம் மட்டும் தீட்டிய மாதிரியை எள்ளி ஒதுக்க வேண்டாம். கம்பெனிச் சரக்குக் கப்பல் என்று பெயரிட்டால் அது முற்றிலும் பொருந்தும்.

பதினாறாம் நூற்றாண்டு மரக்காயர் கலத்தைச் செய்ய விரும்பும் ஆசாரி, கதவுகளுக்குச் செலவிடும் நாட்களைத் துடுப்புகளுக்குச் செலவிடலாம். விலாவை மூடியே விடட்டும். முன்முனையில் சிறு பீரங்கி ஒன்று போதும். அதே கலத்துக்கு முந்தைய நூற்றாண்டின் சரக்குக் கப்பலைச் செய்வாராயின், பலகை இணையும் ஒவ்வொரு கோட்டிலும் ஊசித்துளையிட்டு நூல் கோத்துக் காட்டட்டும். கண்வலிக்கும் வேலைதான். கண்காட்சிக்கு வரும் பிள்ளைகள் ‘இதில் ஆணியே இல்லையா?’ என்று கேட்பார்கள். அக்கேள்வியிலிருந்து இப்னு பதூதாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம்.