கெல்லின்

கெல்லின் என்பது கெல்லா என்னும் செடியின் பழங்களில் இயற்கையாகக் காணப்படும் ஒரு வேதிச் சேர்மம் ஆகும். மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும் தன்மை கொண்ட இது, 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்துமாவுக்கு (ஈழை நோய்) மருந்தாகப் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. பக்க விளைவுகள் காரணமாக அப்பயன்பாடு நிலைக்கவில்லை. எனினும் இதன் மூலக்கூறு அமைப்பை அடிப்படையாகக் கொண்டே, ஆஸ்துமாவின் அழற்சியைத் தடுக்கும் சோடியம் குரோமோகிளைக்கேட் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது.

தாவரம்

கெல்லா, கொத்தமல்லி, சீரகம் முதலியவை அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. எகிப்து உள்ளிட்ட நடுநிலக் கடற்பகுதி நாடுகளில் வளர்கிறது. உலர்ந்த பூங்கொத்தின் காம்புகளைப் பல்குத்தும் குச்சிகளாகப் பயன்படுத்துவர். எகிப்திய நாட்டு மருத்துவத்தில், சிறுநீரகக் கல்லால் ஏற்படும் வலியைத் தணிக்க இதன் பழங்களின் கசாயம் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தது.

வேதியியல்

கெல்லின் பியூரானோகுரோமோன் வகைச் சேர்மம் ஆகும். இதன் ஒரு மூலக்கூறில் 14 கரிம அணுக்களும், 12 ஐதரசன் அணுக்களும், 5 ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. 1879 இல் முஸ்தபா என்பவர் இதனைத் தாவரத்திலிருந்து பிரித்தெடுத்தார். இது நீரில் மிகக் குறைந்த அளவே கரையும்.

மருத்துவப் பயன்பாடு

1940களில் கெய்ரோவில் பணியாற்றிய உருசிய நாட்டு உடலியங்கியல் அறிஞர் அன்ரெப், கெல்லினை விரிவாக ஆராய்ந்தார். சிறுநீரகக் கல்லுக்காகக் கெல்லாவை உட்கொண்ட அவரது ஆய்வக ஊழியர் ஒருவருக்கு, முன்னரே இருந்த இதய வலியும் தணிந்ததே இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது. கெல்லின் இதயத் தமனிகளை விரிவடையச் செய்வதும், மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்துவதும் கண்டறியப்பட்டன. ஆனால் உட்கொண்டவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. எனவே இதனை மாற்றியமைத்துச் சிறந்த மருந்தொன்றை உருவாக்கும் முயற்சிகள் தொடங்கின.

ஆஸ்துமாவும் அழற்சியும்

ஆஸ்துமா நோயில் இரு நிகழ்வுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, மூச்சுக்குழாய்த் தசைகள் சுருங்குவது. மற்றொன்று, மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஏற்படும் அழற்சி. ஒவ்வாமை உள்ளவர்களின் உடலில் தூசி, மகரந்தம் போன்றவை நுழையும்போது, மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருட்களை வெளிவிடுகின்றன. இவற்றால் உட்சுவர் வீங்குகிறது, சளி மிகுதியாகச் சுரக்கிறது, தசைகளும் சுருங்குகின்றன. தசையைத் தளர்த்தும் மருந்து மூச்சுத்திணறலை விரைவில் தணிக்கும்; ஆனால் அதனால் மட்டும் அழற்சி நீங்குவதில்லை.

ஆல்டூனியனின் ஆய்வு

இங்கிலாந்தில் பைசன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பெங்கர் ஆய்வகத்தில், கெல்லினை ஒத்த சேர்மங்கள் 1950களில் தயாரிக்கப்பட்டன. 1956 இல் அங்கு சேர்ந்த மருத்துவர் ரோஜர் ஆல்டூனியன் (1922 - 1987) தாமே ஓர் ஆஸ்துமா நோயாளி ஆவார். கினிப் பன்றியின் உரோமம் அவருக்கு ஒவ்வாதது. அதிலிருந்து எடுத்த சாற்றை முகர்ந்து தமக்கே மூச்சுத்திணறலை வரவழைத்து, அதற்குமுன் உட்கொண்ட சேர்மம் எந்த அளவுக்குத் தம்மைக் காக்கிறது என்பதை அளந்தார். பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை இச்சோதனையை அவர் தம்மீது நடத்தினார்.

தசையைத் தளர்த்தாத சில சேர்மங்களும் ஒவ்வாமைத் தாக்குதலிலிருந்து காத்ததே இவ்வாய்வின் முக்கியமான கண்டுபிடிப்பாகும். தேடிய பண்பு ஒன்று, கிடைத்த பண்பு வேறு. 1965 இல், இரண்டு குரோமோன் வளையங்கள் இணைந்த சோடியம் குரோமோகிளைக்கேட் தயாரிக்கப்பட்டது. இது 1968 இல் இண்டால் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இம்மருந்து குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், தூளாக உள்ளிழுக்கப்பட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்த ஆல்டூனியன், விமானத்தின் சுழல் விசிறியை ஒத்த சிறு விசிறி கொண்ட ஸ்பின்ஹேலர் என்னும் கருவியின் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். நோயாளி மூச்சை உள்ளிழுக்கும்போது விசிறி சுழன்று, மருந்துத் தூள் பரவும்.

செயற்படும் விதம்

குரோமோகிளைக்கேட், மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளிவிடுவதைத் தடுக்கிறது. எனவே இது வருமுன் காக்கும் மருந்தாகும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட மூச்சுத்திணறலை இது தணிக்காது.

இன்றைய நிலை

1970களில் உள்ளிழுக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்துகள் பரவலாயின. இவை அழற்சியைக் கூடுதலாகக் கட்டுப்படுத்துவதால், ஆஸ்துமாவுக்குக் குரோமோகிளைக்கேட்டின் பயன்பாடு குறைந்தது. ஒவ்வாமையால் ஏற்படும் கண் அழற்சிக்கு இது சொட்டு மருந்தாக இன்றும் பயன்படுகிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் என்னும் மருந்தும் கெல்லின் தொடர்பான ஆய்வுகளிலிருந்தே தோன்றியது.

பிற தாவரச் சேர்மங்கள்

ஆஸ்துமா மருத்துவத்தில் இடம்பெற்ற எபிட்ரின், எபிட்ரா செடியிலிருந்து பெறப்பட்டது. தேயிலையில் சிறிதளவு காணப்படும் தியோபிலின் மூச்சுக்குழாயை விரிவடையச் செய்கிறது. சித்த மருத்துவத்தில் இருமலுக்கும் இரைப்புக்கும் வழங்கப்படும் ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் சேர்மத்தை அடிப்படையாகக் கொண்டு, சளியை இளக்கும் புரோம்எக்சின் உருவாக்கப்பட்டது.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் போன்ற பல சேர்மங்கள் ஆய்வகச் சோதனைகளில் அழற்சியைக் குறைத்துள்ளன. ஆயினும் ஆய்வகத்தில் காணப்படும் விளைவு நோயாளியிடமும் கிடைக்கும் என்பது உறுதியன்று. கெல்லின் அதற்கொரு சான்றாகும்: தாவரம் அளித்தது தொடக்கப்புள்ளியை மட்டுமே, மருந்தாவதற்கு மூலக்கூறு மாற்றமும், மனிதரில் சோதனையும் தேவைப்பட்டன. எனவே ஆஸ்துமா நோயாளிகள், மருத்துவர் பரிந்துரைத்த உள்ளிழுப்பு மருந்துகளை நிறுத்திவிட்டு மூலிகைகளை மட்டும் நம்பியிருப்பது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.