வட்டத்துக்குள் ஓர் எழுத்து

அயல்நாட்டில் குடியேறியவர் தம் விலையுயர்ந்த டிசைனர் உடையை எந்த டிரை கிளீனிங் கடையில் நம்பிக் கொடுப்பது என்று தேடும்போது, கடையின் பகட்டையோ நாலு பேர் சொல்லும் நற்பெயரையோதான் பிடித்துக்கொள்கிறார். இத்தொழிலின் இருநூறு ஆண்டுக் கதையைப் பார்த்தால், ஊருக்குப் புதியவருக்கு உண்மையில் கைகொடுத்தவை இவை அல்ல என்றே தோன்றுகிறது. எந்தத் துணியை எந்தத் திரவத்தில் போடலாம், பாழானால் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் வந்த பிறகுதான் அவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

தொடக்கத்தில் எல்லாமே ஆளை நம்பித்தான். நியூயார்க்கில் தையற்கடை வைத்திருந்த தாமஸ் ஜென்னிங்ஸ், தண்ணீரில் நனைக்காமல் கம்பளி உடையின் அழுக்கை எடுக்கும் முறைக்கு 1821 மார்ச்சில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இவரைத்தான். அந்தத் தொழிலில் வந்த பணத்தைக் கொண்டே குடும்பத்தினரை அடிமைத்தளையிலிருந்து மீட்டார். 1836இல் காப்புரிமை அலுவலகம் தீப்பற்றி எரிந்ததில் அவருடைய ஆவணமும் போயிற்று. என்ன பொருளைக் கொண்டு கறை நீக்கினார் என்பது இன்று யாருக்கும் தெரியாது. அன்றைய வாடிக்கையாளருக்கு ஜென்னிங்ஸைத் தெரிந்திருந்தால் போதும், திரவத்தைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆளையே தெரியாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தக் காலத்திடம் பதில் இல்லை.

பிறகு டர்பன்டைன், பென்சீன், பெட்ரோல் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே தீப்பிடிப்பவை. 1920களில் அட்லாண்டா நகரச் சலவைத் தொழிலர் ஸ்டாடர்ட், எளிதில் பற்றாத ஒரு பெட்ரோலியக் கரைப்பானை உருவாக்குவதில் முன்னின்றார். 1928இல் அமெரிக்க வணிகத்துறை அதற்கு ஒரு தரஅளவை வெளியிட்டது. சலவைத் திரவம் தொழில் ரகசியமாக இருந்த நிலை மாறி, யாரும் சரிபார்க்கக்கூடிய அளவுகோலுக்கு உட்பட்டது அப்போதுதான். இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிக்கும் திருப்பம் அது. அடுத்து, மைக்கேல் ஃபாரடே 1821இலேயே தயாரித்திருந்த, தீப்பற்றாத பெர்குளோரோஎத்திலீன் (சுருக்கமாக ‘பெர்க்’) 1930களில் இத்தொழிலுக்குள் வந்தது. அதனால் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலேயே இயந்திரத்தை வைக்க முடிந்தது.

ஆனால் அதற்குள் துணி மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை இழைகள் பெருகவே, பார்வைக்குப் பட்டு போலிருப்பது கரைப்பானில் எப்படி நடந்துகொள்ளும் என்று கைதேர்ந்தவராலும் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 1963இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஜினெடெக்ஸ் அமைப்பு சலவைக் குறியீடுகளை நாடுகளுக்குப் பொதுவாக்கியது. வட்டம் என்றால் தொழில்முறைச் சலவை. அதற்குள் ‘பி’ எழுத்து இருந்தால் பெர்க்கும் போடலாம், பெட்ரோலியக் கரைப்பானும் போடலாம். ‘எஃப்’ என்றால் பெட்ரோலியக் கரைப்பான் மட்டும். ‘டபிள்யூ’ என்றால் தொழில்முறை ஈரச்சலவை. அமெரிக்காவில் 1972இல் பராமரிப்புக் குறிப்பு தைக்காமல் உடை விற்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மொழி தெரியாத ஊரிலும் வாடிக்கையாளரும் கடைக்காரரும் ஒரே குறியைப் பார்த்துப் பேச முடிந்தது. குறியை மீறிச் சலவை செய்து உடை கெட்டால் பழி கடைக்கு. குறிப்படி செய்தும் கெட்டால் உடையைச் செய்தவருக்கு.

லேபிளை எப்படி நம்புவது என்று கேட்கலாம். உடையைச் செய்தவர் தம் தலை தப்பினால் போதுமென்று ‘டிரை கிளீன் மட்டும்’ என எழுதிவிடுவது உண்டுதான். துணிக்குப் பொருந்தும் பெர்க், அதன்மேல் தைத்த பிளாஸ்டிக் மணிகளையோ ஜிகினாவையோ கரைத்துவிடுவதும் உண்டு. இவற்றால் லேபிள் வீண் என்றாகாது. பொத்தான், மணிவேலை உட்பட முழு உடைக்கும் அக்குறிப்பு பொருந்த வேண்டும், அதற்குத் தக்க ஆதாரம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. எழுதியவரைப் பிடித்துக் கேட்கலாம். வாய்ச்சொல்லை அப்படிக் கேட்க முடியாது. ‘நம்ம ஊர் ஆள் கடை’ என்று தேடுவதும் இயல்பு, ஆனால் பிறப்பிடம் ஒருபோதும் நல்ல அளவுகோலாக இருந்ததில்லை. சான்பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடச் சலவைக்கடைகளுக்கு அனுமதி தந்தபோது சீனர்கள் சுமார் இருநூறு பேரையும் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அது சட்டவிரோதம் என்று 1886இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நூற்றாண்டு கழித்து நியூயார்க்வாசிகளின் கோட்டுகளைச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பகுதியினர் கொரியக் குடியேறிகள்.

அந்தப் பிடிமானம் இப்போது தளர்கிறது. பெர்க் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்பதால் கலிபோர்னியாவில் 2023 முதல் அந்த இயந்திரங்களுக்கு இடமில்லை. டிரை கிளீனிங்கில் அதைப் பத்தாண்டுகளில் ஒழிக்கும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் வெளியிட்டது. தொழிலாளியின் உடம்பை எண்ணினால் அது நியாயமான முடிவு. ஆனால் வட்டத்துக்குள் ‘பி’ என்று மட்டும் போட்ட உடையோடு பெர்க் இல்லாத கடைக்குப் போகிறவருக்கு, தன் உடை பெட்ரோலியக் கரைப்பான் அல்லாத வேறு திரவத்தைத் தாங்குமா என்று லேபிள் தெளிவாகச் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான டாலர் விலை வைக்கும் வடிவமைப்பாளர்கள் மாற்றுக் கரைப்பானிலும் ஈரச்சலவையிலும் தங்கள் உடையைச் சோதித்து, அந்த முடிவையும் அதே லேபிளில் அச்சிட வேண்டும்.