எரிந்துபோன பேஸ் அம்பிளிபயர்: குப்பையா, கிளாஸ் டி மொடியூலா?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் நடக்கும் காலம் குடாநாடெங்கும் திருவிழாக்களும் கலைநிகழ்ச்சிகளும் நிறைந்த காலம். இசைக்குழுக் கலைஞர்களுக்கு இதுவே உழைப்புக் காலம். இந்த நேரத்தில் பேஸ் கிற்றாரின் அம்பிளிபயர் எரிந்துபோனால், போவது ஒரு பெட்டி மட்டுமல்ல, அந்த மாத வருமானமும்தான்.

பழுதுபார்த்து வாழ்வது எமக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோ தந்தது வெறும் 6 வோல்ற், 3 வாற். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வின்போது சைக்கிளில் ஏற்ற முடிந்ததைத்தான் கொண்டுபோனோம். வாத்தியங்களும் பெட்டிகளும் பெரும்பாலும் வீட்டிலேயே நின்றுவிட்டன. பிறகு வந்தவற்றில் பல, வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை.

ஏன் எரிகிறது?

முதற் காரணம் மின்னழுத்தம். கனடாவிலிருந்து வரும் பெட்டி 120 வோல்ற்றுக்கு உரியது. எமது வழங்கல் 230 வோல்ற். பின்புறத்தில் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருகினால் ஒரு நொடி போதும். மின்பிறப்பாக்கியின் ஏற்ற இறக்கம், பொருத்தமற்ற ஸ்பீக்கர்களை இணைத்து மொத்தத் தடையைக் குறைப்பது, தூசி அடைத்த விசிறி என்பன மற்றக் காரணங்கள்.

பழைய கிளாஸ் ஏபி வகையில் வெளியீட்டு ரான்சிஸ்ரர்கள் பாதி திறந்த குழாய்போல வேலை செய்கின்றன. எடுக்கும் வலுவில் பெரும்பங்கு வெப்பமாகிறது. ஒரு ரான்சிஸ்ரர் குறுக்கிணைந்தால் 50 வோல்ற் அளவிலான நேரோட்ட அழுத்தம் நேரே ஸ்பீக்கருக்குப் போய், அதன் சுருளையும் எரித்துவிடும்.

கிளாஸ் டியில் ரான்சிஸ்ரர்கள் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். இது செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை நடக்கிறது. பின்னாலுள்ள சுருளும் கொள்ளளவியும் அந்தத் துடிப்புகளை வடிகட்டி இசையை மட்டும் வெளியே விடுகின்றன. வினைத்திறன் 90 வீதத்தை அண்மிக்கும். ஒரே சத்தத்துக்கு மின்பிறப்பாக்கியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் குறைவு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

முதலில் உறுதிசெய்க

அம்பிளிபயரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒலியின் குணத்தை அமைப்பது முன்பகுதி. ஸ்பீக்கரை அசைப்பது வலுப்பகுதி. பின்புறத்தில் முன்பகுதியின் வெளியீட்டுத் துளை இருந்தால், அதை இன்னொரு அம்பிளிபயரில் இணைத்துப் பாருங்கள். அங்கே சத்தம் சுத்தமாக வந்தால் முன்பகுதி நலம்.

மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் பெரிய கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். 1,000 ஓம், 5 வாற் தடையொன்றை அவற்றின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு நிமிடமாவது பிடித்து, பல்மானியில் பூச்சியம் வந்த பின்னரே கை வையுங்கள். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரை அருகில் வைத்திருப்பது அவசியம்.

ரான்சிஸ்ரர்களை மட்டும் மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் 2எஸ்சி5200 போன்ற புகழ்பெற்ற இலக்கங்களில் போலிகள் சந்தையில் மலிந்துள்ளன. போலி ரான்சிஸ்ரர் முதல் நிகழ்ச்சியிலேயே மீண்டும் எரியும்.

மொடியூலைத் தெரிவுசெய்தல்

பழைய ரான்ஸ்போமரை வைத்திருக்க விரும்பினால் அதன் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். 35-0-35 வோல்ற் ஆடலோட்டம், நேரோட்டமாகும்போது ஏறத்தாழ நேர் 49, மறை 49 வோல்ற் ஆகும். சுமையில்லாதபோது இன்னும் ஏறும். ஆகவே மொடியூல் தாங்கும் எல்லை அதற்கு மேலே வசதியான இடைவெளியுடன் இருக்கவேண்டும். ரிபிஏ3255 வகை ஒற்றை வழங்கலில் 53.5 வோல்ற் வரைதான் ஏற்கும். இதை அந்த ரான்ஸ்போமரில் பொருத்த முடியாது. சொந்த மின்வழங்கலோடு வரும் மொடியூலானால் நேரே 230 வோல்ற்றில் இணைக்கலாம். ஆனாலும் முன்பகுதிக்குத் தேவையான நேர், மறை 15 வோல்ற் பெரும்பாலும் பழைய வழங்கலிலிருந்தே வருவதால், அதைக் கழற்றி எறியவேண்டாம்.

வலுக் கணக்கு எளிது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 200 வாற் கொடுக்க 28 வோல்ற்றும் 7 அம்பியரும் வேண்டும்.

மறக்கக்கூடாத நான்கு

ஒன்று: பாலமுறை வெளியீடுள்ள மொடியூலில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மின் உண்டு. எந்த முனையும் உலோகப் பெட்டியைத் தொடக்கூடாது. பழைய உலோகத் துளைகளை அகற்றி, பிளாஸ்ரிக் காப்புள்ளதைப் போடுங்கள்.

இரண்டு: பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹேட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து கம்பியானால் 31. இவ்வளவு தாழ்ந்த மீடிறனில் பாலமுறை அல்லாத கிளாஸ் டி, சக்தியின் ஒரு பகுதியை வழங்கலுக்கே திருப்பித் தள்ளி அதன் அழுத்தத்தை உயர்த்தும். அதனால் மொடியூலின் பாதுகாப்புச் சுற்று இடையிடையே நிறுத்திவிடலாம். பெரிய கொள்ளளவிகளோ பாலமுறையோ இதற்கு மருந்து.

மூன்று: புவித்தொடுப்புக் கம்பியைப் பெட்டியிலிருந்து ஒருபோதும் வெட்டாதீர்கள். இரைச்சல் வருகிறதென்று அதை வெட்டுவது, மேடையில் கம்பியைத் தொடும் கலைஞரின் உயிரோடு விளையாடுவது.

நான்கு: மொடியூலின் அடித்தகட்டை வெப்பக்களிம்புடன் அலுமினியத் தளத்தில் இறுக்குங்கள். ஸ்பீக்கர்க் கம்பிகளை முறுக்கி, முன்பகுதியின் கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லுங்கள்.

முதல் உயிரூட்டல்

100 வாற் இழை மின்குமிழ் ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்து, ஸ்பீக்கர் இல்லாமல் இயக்குங்கள். குமிழ் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டேயிருந்தால் எங்கோ குறுக்கிணைப்பு உண்டு, உடனே நிறுத்துங்கள். பின்னர் இரு வெளியீட்டு முனைகளுக்கும் இடையே நேரோட்டத்தை அளவுங்கள். சில பத்து மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால், முதலில் மலிவான ஸ்பீக்கரிலும் அடுத்ததாகச் சொந்த ஸ்பீக்கரிலும் சோதியுங்கள்.

இறுதியாக, பொருத்திய மொடியூலின் இலக்கம், பியூஸின் அளவு, திகதி ஆகியவற்றை மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள். அடுத்தமுறை இந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலிருக்கலாம். அவருக்கு அந்த மூன்று வரிகளும் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.