பிறந்த நாளும் எழுதிய நாளும்

ஓர் அரசு ஊழியரின் பணிக்கோப்பில் பிறந்த தேதி தவறாக இருந்தால் அதனைத் திருத்த முடியுமா? எளிய வினாவாகத் தோன்றும். ஆனால் ஒரு நாட்டின் தரைப்படைத் தளபதியே இந்த வினாவோடு உச்ச நீதிமன்றத்தின் படியேறிய வரலாறு உண்டு. ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டிய செய்தி அதில் அடங்கியிருப்பதால் இங்கு எழுதுகிறேன்.

இந்தியத் தரைப்படைத் தளபதியாக 2010 மார்ச் 31 அன்று பொறுப்பேற்றவர் ஜெனரல் வி. கே. சிங். அவரது பள்ளி இறுதிச் சான்றிதழில் பிறந்த நாள் 1951 மே 10. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்வதற்காக மாணவப் பருவத்தில் நிரப்பிய விண்ணப்பத்திலோ 1950 மே 10. அந்தப் படிவத்தை நிரப்பியவர் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்பது ஜெனரல் தரப்பின் விளக்கம். படைத் தலைமையகத்தின் ஒரு கிளை 1950 என்றும், மற்றொரு கிளை 1951 என்றும் பல்லாண்டுகள் தனித்தனிக் கோப்புகளைக் காத்து வந்தன. இரண்டும் ஒரே தலைமையகத்தின் கிளைகள் என்பதுதான் வியப்பு!

தளபதியின் பதவிக்காலம் மூன்றாண்டு, அல்லது 62 வயது நிறைவு; இவற்றுள் எது முந்துகிறதோ அது. 1950 என்றால் 2012 மே மாதத்தில் ஓய்வு. 1951 என்றால் ஏறத்தாழ இன்னும் பத்து மாதம் பதவி. அரசு 1950ஐயே உறுதி செய்தது. 2012 ஜனவரியில் அவர் வழக்குத் தொடுத்தார். பிப்ரவரி 10 அன்று வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவருடைய உண்மையான பிறந்த நாள் எது என்பதைத் தீர்மானிக்க நீதிபதிகள் முற்படவில்லை. பணிப் பதிவேட்டில் எந்த ஆண்டு ஏற்கப்பட்டது, 2008, 2009ஆம் ஆண்டுகளில் அதனை ஏற்பதாக அவரே எழுதிக் கொடுத்தாரா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. மனு மீட்டுக்கொள்ளப்பட்டது. 2012 மே 31 அன்று அவர் ஓய்வு பெற்றார்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜோதி பிரகாஷ் மித்தர் இதே சிக்கலில் அகப்பட்டார். பதவியேற்கும்போது அவர் கொடுத்த தேதி 1904 டிசம்பர் 27. மெட்ரிகுலேஷன் தேர்வுப் பதிவின்படி அவர் 1901இல் பிறந்தவர். ஆகவே 1961 டிசம்பரோடு அவருக்கு வயது அறுபது என்று அரசு கருதியது. அவர் தம் தரப்புக்குச் சாதகத்தையும் பஞ்சாங்கக் குறிப்பையும் சான்றாகக் காட்டினார். நம் பாட்டிமார் பெட்டிக்கடியில் பொத்தி வைத்திருக்கும் அதே சாதகந்தான்! அது எடுபடவில்லை. ஆனால் அவ்வழக்கு ஒரு விளைவை உண்டாக்கிற்று. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயதைப் பற்றி ஐயம் எழுந்தால் குடியரசுத் தலைவரே முடிவு செய்வார் என்னும் உட்பிரிவு 1963இல் இந்திய அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. வழக்கு முற்றுப்பெற்றதோ 1971இல்.

தளபதியும் நீதிபதியும் ஒருபுறம் இருக்கட்டும். சாதாரண ஊழியரின் நிலை என்ன? தமிழ்நாட்டு அரசுப் பணி விதிகளில் 49ஆம் விதி என ஒன்று இருந்தது. பிறந்த தேதியைத் திருத்த விரும்புவோர் பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓய்வு நெருங்கும் வேளையில் மட்டும் தம் உண்மையான வயதை நினைவுகூர்ந்தவர்கள் பலர். 1993இலும் 1994இலும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மேல்முறையீடுகளில் உச்ச நீதிமன்றம் அத்தகையோருக்கு இடங்கொடுக்கவில்லை. ஒருவர் கூடுதலாக ஈராண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தால், அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காகக் காத்திருப்பவர்கள் பாதிக்கப்படுவர். சிலர் அந்த வாய்ப்பை என்றென்றைக்கும் இழந்துவிடுவர். நீதிமன்றம் கூறிய இந்தக் காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆயினும் ஐந்தாண்டுக் கெடு எல்லார்க்கும் ஒரே அளவில் நீதி வழங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் பத்திரத்தில் பிழை உண்டா என்பது இளமையிலேயே தெரியும். எழுத்தறியாத தந்தைக்குப் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் நம் ஜொகூர் மாநிலம் நினைவுக்கு வருகிறது. கங்காணி முறையில் கடல்கடந்து வந்து குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர் பிறப்புச் சான்று எதனையும் கொண்டு வந்தவர்கள் அல்லர். “ஆடி மாதம், பெருமழை பெய்த வருசம்” என்பதுதான் அவர்களிடம் இருந்த கணக்கு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும், தகப்பனார் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கிராணியார் எழுதியதே பிறந்த நாளாயிற்று. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்குத் தகப்பன் போய்விட்ட வீடுகளில் நாளை நினைவில் வைத்துச் சொல்லவும் ஆளில்லை.

பிறகு 1948இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டும் என்று மலாயாக் கூட்டரசில் ஆணையிடப்பட்டது. அந்த அட்டையின் நோக்கம் பாதுகாப்பு. குடிமக்களின் வயதைத் துல்லியமாக அறிவதற்காக அது பிறக்கவில்லை. ஆனால் அன்று வாய்மொழியாகச் சொல்லிப் பதிந்த வயது, பின்னாளில் பொதுப்பணி இலாகாவிலோ ரயில்வேயிலோ மருத்துவமனையிலோ வேலைக்குப் போனவரோடு ஓய்வூதியம் வரை உடன் சென்றது.

ஓராண்டு பிசகினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். மலேசிய அரசு ஊழியரின் கட்டாய ஓய்வு வயது நெடுங்காலம் 55ஆக இருந்தது. 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என்று உயர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், விதி நடப்புக்கு வருமுன்பே வயது முடிந்தவர் வீட்டுக்குச் சென்றார். சில வாரம் பிந்திப் பிறந்ததாக ஏட்டில் இருந்தவருக்கு மேலும் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியது.

1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பதிவேட்டுப் பிழைகளைத் திருத்த வழி வகுத்துள்ளது. ஆனால் திருத்தம் பத்திரத்தோடு முடிவதில்லை. 1990 முதல் நடப்பிலுள்ள 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டும் மாதமும் நாளுமே. அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும், ஜொகூருக்கு 01. ஆகவே தேதி மாறினால் எண்ணையே தொட வேண்டிவரும். வங்கிக் கணக்கு, சேமநிதி, தேர்வுச் சான்றிதழ் யாவும் அந்த எண்ணின்கீழ்தான் உள்ளன.

முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், படிவத்தில் எழுதிய தேதியைப் பிறப்புப் பத்திரத்தோடு தாமே ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் படிவங்களை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். பத்திரத்திலேயே பிழை இருப்பின், பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்றுவிடுங்கள்.